நாற்பத்தொரு உருளைக்கிழங்கு

என் அன்பு மாப்ளே அந்துவானுக்கு,

உன் கிடங்கை நான் கெடுத்துவிட்டேன். நீ போன பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் அஞ்சரைக்கும் ஆறுக்கும் நடுவில். யாரும் சொல்லிச் செய்யவில்லை, நானாகச் செய்தேன். காலி டிரம் வியாபாரத்தில் இத்தனை வருஷமாக ஓட்டை டிரம்மை ஓட்டை என்று சொல்லித்தான் விற்றிருக்கிறேன். அதனால் இதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்தால் நிறுத்திக் கேட்கிறார்கள். "சொல்தா கடைசி வரைக்கும் சின்னப் புள்ளைங்க மாதிரி கம்ப்யூட்டர்ல கட்டை அடுக்கிக்கிட்டு இருந்தாராமே?" பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்து வந்தவனுக்கு இந்த ஊரில் கடைசிவரை சொல்தா என்றுதான் பெயர். ஆமாம், அடுக்கினான் என்கிறேன். சிரிக்கிறார்கள். அவர்களை நான் என்ன சொல்வது? உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு முதலில் சிரித்தவனே நான்தானே.

உன் மகள் செலின் உன்னை மண்ணில் வைத்துவிட்டு எட்டாம் நாள் பிரான்சுக்குத் திரும்பினாள். லீவு அவ்வளவுதான். டாக்ஸியில் பெட்டியை ஏற்றிவிட்டு உன் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். வீட்டைப் பற்றியோ பென்ஷன் ஆபீஸைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாமா, ஞாயிறு அஞ்சு மணிக்கு அப்பா கம்ப்யூட்டரை ஆன் பண்ணி அந்த விளையாட்டைத் திறந்து வைங்க. அது போதும். நான் அங்கேருந்து உள்ள வந்துக்கறேன்."

"இனிமே எதுக்கும்மா அது?"

"அப்பா கட்டினது இன்னும் ஓடிக்கிட்டுதானே இருக்கு. ஓடுற வரைக்கும் வர்றேன். நின்னுபோச்சுன்னா எனக்கு அதுல என்ன இருக்கு மாமா? அழிச்சுடலாம்."

அழிச்சுடலாம் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் பாம்பாமென்று ஹார்ன் அடிக்கிற டாக்ஸிக்காரனைத்தான் நான் கவனித்தேன்.

நீயும் அவளும் எப்படி அந்த விளையாட்டுக்குள் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். என் தங்கச்சி மதலேன் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் செலினுக்கு நாம் என்ன சொன்னோம்? சாதாரணக் காய்ச்சல், நாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அங்கே அவளுக்குப் பரீட்சை நேரம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மச்சான் என்று நீ ஒருநாள் போனை எடுத்தாய். உன் கையைப் பிடித்துத் தடுத்தது நான். புள்ளை படிப்பு கெட்டுடும், நாலு நாள் பொறு என்றேன். நாலு நாள் மதலேனுக்கு இருக்கவில்லை.

செலின் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. "ஏன் சொல்லலை?" என்று உன்னைக் கேட்டாள். நீ தரையைப் பார்த்தாய். நான் உன் பின்னால் நின்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே மாப்ளே நீ. ஒரு வருஷம் அவள் உன்னோடு பேசவில்லை. அந்த ஒரு வருஷத்தில் ஒரு நாளாவது, "தடுத்தது உன் மாமன்தான்" என்று நீ சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

அப்புறம் ஒருநாள் அவளே ஒரு செய்தி அனுப்பினாள். பேச வேண்டாம், விளையாடலாம் என்று. நீ மறுநாளே போய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவந்தாய்.

எதைப் பார்த்தாலும் கட்டை கட்டையாக இருக்கிற உலகம். மண் ஒரு கட்டை, மரம் நாலு கட்டை, பூசணிக்காய்கூடச் சதுரம். அந்த உலகம் உன் கம்ப்யூட்டரில் இருந்தது. நீ திறந்தால்தான் அவள் உள்ளே வர முடியும். அவள் அதில் உருளைக்கிழங்கு நட்டாள், பறித்தாள், வாய்க்காலில் போட்டாள். நீ அதைப் பிரித்து வைக்கக் கிடங்கு கட்டினாய். பூசணியும் கரும்பும் நீ போட்ட பொறியால் தானாகவே அறுபட்டு அதே வாய்க்காலில் வந்தன. எல்லாம் கலந்து வரும். உன் கிடங்குக்குள் போனதும் உருளை உருளைப் பெட்டியில் விழும், பூசணி பூசணிப் பெட்டியில் விழும். கைபடாமல். ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் இதைச் செய்துகொண்டிருந்தீர்கள். பேசினால் தீராததை விட்டுவிட்டு என்னடா பூசணிக்காய் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சரி, நான் செய்ததற்கு வருகிறேன்.

அந்த முதல் ஞாயிறு நான் சொன்னபடி திறந்து வைத்தேன். செலின் வந்தாள். தொப்பி போட்ட பொம்மை ஒன்று வயலில் நடந்தது, அதுதான் அவள். கிழங்கு பறித்தாள், வாய்க்காலில் போட்டாள், அரை மணி நேரத்தில் போய்விட்டாள். மறுபடி வந்தாலும் வருவேன், கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைங்க மாமா என்று போனில் செய்தி வந்தது. சும்மா உட்கார எனக்கு வருமா? உன் பொம்மையை நடத்திக்கொண்டு கிடங்குக்குப் பின்பக்கம் போனேன். புனல் மாதிரி பதினொரு இரும்புத் தொட்டி வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சிவப்புத் தூள் கோடு கோடாக ஓடியது, ஒரு சின்னப் பந்தம் எரிந்தது. ஒரு புனலைத் திறந்து பார்த்தேன்.

உள்ளே ஐந்து அறை. முதல் அறையில் நாற்பத்தொரு பூசணிக்காய். மற்ற நாலு அறையிலும் ஒரேயொரு குச்சி. அடுத்த புனலில் நாற்பத்தொரு உருளைக்கிழங்கு, மறுபடி நாலு குச்சி. அதற்கடுத்ததில் கரும்பு, நாற்பத்தொன்று, நாலு குச்சி. மீதி எட்டிலும் கிழங்கும் கரும்பும் மாறி மாறி, அதே கணக்கு. ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன். அசையவே இல்லை.

உனக்கு என்னைத் தெரியும். சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து வந்த டிரம் என் குடோனில் ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் எனக்குச் சோறு இறங்காது. நின்ற சரக்கு செத்த சரக்கு. பெயிண்ட் டிரம் மூலையில் கிடந்து துருப்பிடித்துத்தான் என் முதல் வியாபாரம் படுத்தது. பாவம், சொல்தாவுக்கு வியாபாரம் தெரியாது, வழியிலேயே சரக்கு அடைத்துக் கிடப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். உனக்கு உதவி செய்கிற நினைப்பில், மாப்ளே, சத்தியமாக உதவி செய்கிற நினைப்பில், ஒவ்வொரு புனலாகக் காலி செய்தேன். பூசணிப் புனலில் இருந்ததைத் தரையிலேயே போட்டேன். அதற்குப் பிறகு ஒரு பெட்டி கண்டுபிடித்து மற்றதையெல்லாம் அதில் கொட்டினேன். ஏழாவது முடிந்ததும் லோடு விஷயமாகப் போன் வந்தது. மீதி நாலு அப்படித்தான் தப்பித்தது.

போன் பேசி முடித்துத் திரும்பினால், பூசணிப் பெட்டியில் உருளைக்கிழங்கு கிடக்கிறது. உருளைப் பெட்டியில் கரும்பு. பந்தம் மட்டும் ஏழும் பளிச்சென்று எரிகிறது. விளக்கு எரிந்தால் மெஷின் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? தானாகச் சரியாகும் என்று பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாப் பெட்டியிலும் எல்லாமும் கலந்து, தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்தில் ஏலம் முடிந்த தரை மாதிரி ஆகிவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் டாக்ஸி பக்கத்தில் நின்று அவள் சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது. நின்னுபோச்சுன்னா அழிச்சுடலாம்.

மதலேன் போன பிறகு அவளுக்கும் எனக்கும் நடுவில் நீ இருந்தாய். நீயும் போன பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. அதுவும் இல்லையென்றால் என் தங்கச்சி மகள் எதற்காக இந்த ஊர்ப் பக்கம் திரும்புவாள்? கிறிஸ்மஸுக்கு ஒரு வாழ்த்து வரும், அப்புறம் அதுவும் வராது.

அடுத்த ஞாயிறு அஞ்சு மணிக்கு அவள் போன் வந்தது. கரண்ட் இல்லம்மா என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அதே. "முத்தியால்பேட்டையில இப்பவும் அவ்ளோ கரண்ட் போகுதா மாமா?" என்று கேட்டாள். நிமிர்ந்து பார்த்தேன், தலைக்கு மேல் உன் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமோ?

இரண்டு பொய்க்கும் நடுவில் நான் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் முதல் லோடை அனுப்பிவிட்டு உன் வீட்டுக்குப் போய்விடுவேன். என் வீட்டுக்காரி பிலோமினா வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "டிரம் யாவாரி பூசணிக்கா பொறுக்கப் போறாரு. வழி விடுங்க." போகட்டும்.

உன் மேஜை இழுப்பறையில் நீ படம் போட்டு வைத்த நோட்டு கிடைத்தது. கோடும் அம்பும் அழகாகத்தான் இருக்கிறது. எழுதியிருப்பது பூராவும் பிரெஞ்சு. ஏன் மாப்ளே, தமிழில் எழுதினால் விரல் சுளுக்கிக்கொள்ளுமா? யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் செய்தது ஊருக்குத் தெரியும். நோட்டை மூடிவிட்டேன். மெஷின் வாங்கும்போது நான் படித்தா பார்த்து வாங்குகிறேன்? ஓடுகிற ஒன்றையும் ஓடாத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நான் கைவைக்காத நாலு புனல்தான் ஓடுகிறது. அதன் முன்னால் போய் நின்றேன்.

முதலில் பந்தம். வாய்க்காலில் நானே ஒரு கிழங்கை விட்டேன், ஓடுகிற புனலில் அது வந்து விழுகிற அந்த ஒரு நொடி பந்தம் அணைந்தது, மறுபடி எரிந்தது. ஆக, எரிந்தால் பூட்டு, அணைந்தால் திறப்பு. நான் தலைகீழாக நினைத்திருக்கிறேன். சும்மா இருக்கும்போது எரிந்துகொண்டு, அடியில் பெட்டிக்குள் இறக்கிவிடுகிற இன்னொரு புனலைப் பூட்டி வைப்பதுதான் அதற்கு வேலை. மின்கம்பி மாதிரி ஓடுகிற அந்தச் சிவப்புத் தூள் வழியாகச் சமிக்ஞை வந்தால் அணைந்து வழிவிடும்.

சமிக்ஞையை யார் கொடுப்பது? புனலுக்குப் பின்னால் மூன்று மூக்கு வைத்த ஒரு பலகை. நீ அதைக் கொம்பரத்தேர் என்று சொல்லுவாய், நான் ஏதோ ஒரு சொல்தாவின் பெயர் என்று நினைத்திருந்தேன். நாலு நாள் எனக்கு அது பிடிபடவில்லை. ஐந்தாம் நாள் குடோனில் ஒரு டிரம்மின் விலாவில் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலி டிரம் ஒரு மாதிரி சத்தம் போடும், கால் டிரம் ஒரு மாதிரி, மூடியைத் திறக்காமலே உள்ளே எவ்வளவு என்று காது சொல்லிவிடும். தட்டின கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பலகையும் இதைத்தான் செய்கிறது. புனலைத் தட்டிப் பார்க்கிறது. உள்ளே எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு பலமாகத் தூளில் சமிக்ஞை அனுப்புகிறது.

தூளுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு கட்டை தாண்டும்போதும் சமிக்ஞை ஒரு படி இளைக்கும். பலம் குறைந்தால் பாதி வழியிலேயே செத்துவிடும், பந்தத்துக்குப் போய்ச் சேராது. அதைத்தான் நீ கணக்குப் போட்டிருக்கிறாய். நாற்பத்தொன்று இருக்கும்வரை சமிக்ஞை ஒரு கட்டை முன்னாலேயே நின்றுவிடும். வாய்க்காலில் இன்னொரு கிழங்கு வந்து நாற்பத்திரண்டு ஆனால் ஒரு படி ஏறும், அந்த ஒரு கட்டையைத் தாண்டும், பந்தம் அணையும், ஒரு கிழங்கு மட்டும் கீழே விழும். மறுபடி நாற்பத்தொன்று. மறுபடி பூட்டு. நாற்பது போட்டுப் பார்த்தேன், ஒரு கிழங்கை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தது. ஐம்பது போட்டுப் பார்த்தேன், ஒன்பதைத் துப்பிவிட்டு நாற்பத்தொன்றில் நின்றது. அது நாற்பத்தொன்றில்தான் நிற்கும். நான் செத்த சரக்கு என்று அள்ளிப் போட்டது அந்தக் கிடங்கின் தராசுப் படி.

ஓடிப்போய் ஒரு புனலில் நாற்பத்தொன்றை எண்ணிப் போட்டேன். பத்தே நிமிஷத்தில் அதற்குள் கரும்பு நுழைந்து உட்கார்ந்துவிட்டது. அறை காலியாக இருந்தால் வழியில் போகிற எதுவும் உள்ளே வரும். அப்போதுதான் குச்சி ஞாபகம் வந்தது. ஓடுகிற எட்டாவது புனலைத் திறந்து, குச்சியின் மேல் மவுஸை வைத்துப் பார்த்தேன். அதுவரை பார்க்கவில்லை, குச்சியில் என்ன பார்க்க இருக்கிறது?

பெயர் எழுதியிருந்தாய். முதல் குச்சியில் மதலேன். அடுத்ததில் செலின். அடுத்தது அந்துவான். கடைசி அறையில் மச்சான்.

ஒன்பதாவதைத் திறந்தேன். அதே நாலு பேர். பத்து, பதினொன்று. நான் பெட்டியில் கொட்டின குச்சிகளை எடுத்துப் பார்த்தேன், அவையும் அதே. பெயர் எழுதின குச்சியோடு வேறெதுவும் சேராது, அதனால் அந்த அறைக்குள் எதுவும் வராது. இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அதற்கு வேலை. ரொம்பப் பொருத்தமான வேலைதான் கொடுத்திருக்கிறாய் எனக்கு. உன் கண்ணாடி மேஜைமேல் இருந்தது. அதை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி அங்கேயே வைத்தேன். எதற்குத் துடைத்தேன் என்று கேட்காதே.

ஆறு புனலைப் பழையபடி அடுக்கிவிட்டேன். எண்ணி எண்ணி வைத்தேன். மீதி ஒன்றை முடிக்க முடியவில்லை. பூசணிப் புனலிலிருந்து தரையில் போட்ட குச்சிகள் மறைந்துவிட்டன. தரையில் விட்டது கொஞ்ச நேரத்தில் இல்லாமல் போய்விடும் என்பது அந்த உலகத்துச் சட்டமாம். பூசணி வேண்டிய மட்டும் விளைகிறது. பெயர் எழுதின குச்சிக்கு எங்கே போவேன்? எழுதுவது எப்படி என்றே எனக்குத் தெரியாது. மூன்றாவது தடவையும் கரண்ட் இல்லை என்று சொல்லலாம். சொல்லியிருப்பேன், மாப்ளே. உன் முப்பதாம் நாள் பூசையில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாமியார் உன் பெயரை வாசித்தார், அதற்குப் பக்கத்திலேயே மதலேன் பெயரையும். காய்ச்சல் என்று சொன்னவனும் நான், கரண்ட் என்று சொன்னவனும் நான். அதற்கு மேல் முடியவில்லை.

அந்த ஞாயிறு விளையாட்டைத் திறப்பதற்கு முன்னால் நானே போன் போட்டேன்.

"அலோ மாமா. இன்னிக்காவது கரண்ட் இருக்கா?"

"அன்னிக்கும் இருந்துச்சும்மா."

நான் சொல்லிக்கொண்டே போனேன். "உங்கப்பன் கிடங்கை நான் கெடுத்துட்டேன். ஏழைக் காலி பண்ணேன். ஆறை அடுக்கிட்டேன். பூசணி மட்டும் ஓடலை. நாலு குச்சி போயிடுச்சு."

"என்ன குச்சி?"

"புனல்ல இருக்குமே, பேர் எழுதினது."

"எனக்குத் தெரியாது மாமா. சிவப்புத் தூள் பக்கம் வராதே, மிதிச்சுக் கெடுத்துடுவேன்னு அப்பா மெசேஜ் போட்டிருந்தாரு. பின்பக்கம் நான் போனதே இல்லை."

அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. இரண்டு வருஷ ஞாயிறு. நீ சொல்லவே இல்லையா? திறந்து வைத்தேன். தொப்பி போட்ட பொம்மை வந்தது, கிடங்கைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தது. எட்டாவதைத் திறந்து மவுஸை வெச்சுப் பாரு என்றேன். பொம்மை புனலைப் பார்த்தபடி நின்றது. அப்புறம் ஒன்பதாவதுக்கு நகர்ந்தது. பத்து. பதினொன்று. திரும்பி முதலிலிருந்து வந்தது, நான் அடுக்கின ஆறையும் பார்த்தது. போனில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எல்லாத்துலயும் இருக்கா?"

"பதினொண்ணுலயும் இருந்துச்சு."

பொம்மை மறுபடி எட்டாவதுக்கே போய் நின்றது. "உங்களை மட்டும் கடைசி அறையில வெச்சிருக்காரு."

"எங்க வெச்சாலும் அடைச்சுக்கிட்டு உட்காருவேன்னு உங்கப்பனுக்குத் தெரியும்."

சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தால் எப்படி இருக்கும், அப்படி. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அம்மா விஷயத்துல உங்கப்பன் போனை எடுத்தான் செலின். சொல்லாதேன்னு கையைப் புடிச்சது நான். அவன்மேல போட்டுட்டு நான் பின்னாடி நின்னுட்டேன்."

"தெரியும்," என்றாள்.

"அவன் சொன்னானா?"

"நோன், இல்லை. அப்பா கடைசி வரைக்கும் சொல்லலை. ஆனா காய்ச்சல், நாளைக்கு வீட்டுக்கு வந்துடுவாங்கன்னு மூணு வாரம் ஒரே பொய்யைத் தடுமாறாம சொல்ற சாமர்த்தியம் அப்பாவுக்கு ஏது மாமா? நீங்க சொல்லிக் கொடுத்திருப்பீங்கன்னு அப்பவே தெரியும். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

தப்பு என்னோடதும்மா என்றேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. சரி மாமா, அழாதீங்க, கீபோர்டு வீணாயிடும் என்றாள். அப்படியே மதலேன் குரல்.

அதற்குப் பிறகு வேலையை ஆரம்பித்தாள். குச்சி செய்து, பட்டறைக் கல்லில் வைத்து, பெயர் எழுத உட்கார்ந்தாள்.

"அதே நாலு பேர்தானே?"

"மச்சான்னு நீ எழுதாதே. முறை கெட்டுடும்."

பூசணிப் புனலில் மட்டும் இப்போது வேறு பெயர் இருக்கிறது, தெரிந்துகொள். அம்மா, அப்பா, செலின், மாமா. நாற்பத்தொரு பூசணியை நான் எண்ணிப் போட்டேன், நாலு குச்சியை அவள் வைத்தாள். ஒரு பூசணிக்காயைக் கொண்டுபோய் வாய்க்காலில் விட்டாள். அது தண்ணீரில் மிதந்து, உருளைப் பெட்டியைத் தாண்டி, கரும்பைத் தாண்டி வந்தது. புனலுக்குள் இறங்கியது. பந்தம் அணைந்தது. மாப்ளே, அணைந்து எரிவதற்குள் எனக்கு மூச்சே இல்லை. பூசணிப் பெட்டியில் பூசணி விழுந்தது.

அப்புறம்தான் செலினைக் கேட்டேன். உங்கப்பன் நீ ஆட்டத்தை விட்டுப் போன பிறகும் எதற்குக் கம்ப்யூட்டரை அணைக்காமல் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? கரண்ட் என்ன உங்கப்பன் வீட்டுதா என்று நான் உன்னைத் திட்டியிருக்கிறேன். நான் நிக்கிற வரைக்கும்தான் மச்சான் அங்க பயிர் வளரும் என்று நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பைத்தியக்காரப் பேச்சாகப் பட்டது. செலின் விளக்கினாள். அந்த உலகத்தில் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் பயிர் வளரும், வாய்க்கால் ஓடும், கிடங்கு வேலை செய்யும். ஆள் விலகினால் எல்லாம் அந்தந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். அவள் சாப்பிடப் போன பிறகும் அவள் நட்ட கிழங்கு வளரட்டும் என்று நீ உட்கார்ந்திருந்தாய். அவளுக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் வந்தா பயிர் தயாரா நிக்கும் மாமா, நான் எப்படின்னு யோசிச்சதே இல்லை என்றாள்.

"இனிமே யார் நிக்கறது?" என்று கேட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது, இது பேரம். "அரை மணி நேரம் நிக்கறேன்."

"ஒரு மணி."

"முக்கால்."

"ரெண்டு வாரம் கரண்ட் இல்லைன்னீங்களே. ஒன்றரை மணி."

நான் இறக்க இறக்க ஏற்றுகிறாள் பார். இந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. ஒரு மணி என்று அவள் முதலில் சொன்னதையே ஒத்துக்கொண்டேன்.

ஆக, உன் சாட்சியாக முடிந்த பேச்சு இது, மாப்ளே. ஞாயிறு தோறும் அவள் போன பிறகு ஒரு மணி நேரம் நான் கிடங்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பேப்பர் படிக்கலாம், புனலைத் திறக்கக்கூடாது. கரண்ட் போனால் மட்டும் கரண்ட் போச்சு என்று சொல்ல வேண்டும். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எனக்கே வந்தாலும், எத்தனை டிகிரியோ அத்தனையும் அன்றைக்கே அவளுக்குச் சொல்ல வேண்டும். அவள் தன் பக்கத்துக்கு, விளையாட்டை மூடினதும் பத்து நிமிஷம் முகம் காட்டிப் பேச வேண்டும். கல்லறைத் திருநாளுக்கு வந்து உனக்கும் மதலேனுக்கும் அவள் கையால் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். விளைகிற உருளைக்கிழங்கு ஆளுக்குப் பாதி. நாற்பத்தொன்று மட்டும் யாருக்கும் கிடையாது.

உன் மச்சான்,
மதலேனின் அண்ணன், செலினின் தாய்மாமன்,
சவேரிநாதன்